ராஜகிரியில் தண்ணீர்

மலை ஏறப் போகிறேன் என்று யாரிடமாவது சொன்னால், "ஊட்டிக்கா, கொடைக்கானலுக்கா?" என்பதே முதற் கேள்வியாக வருகிறது. மலை என்றால் அங்கே குளிர் இருக்க வேண்டும். தைல மரங்கள் வரிசை வரிசையாக வானளாவி நிற்க வேண்டும். இலைவாசனை மூக்கைத் துளைக்க வேண்டும். இப்படி ஓர் எண்ணம் நம்மிடையே ஊறிவிட்டது. அந்தத் தைல மரமோ ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த விருந்தாளி. 1843-ஆம் ஆண்டில் நீலகிரியில் அதை நட்டார்கள். மலைவாச ஸ்தலத்துக் குளிருக்கு விறகு வேண்டியிருந்தது. சோலைக் காடுகள் வெட்டுக்குத் தாங்கவில்லை. விரைவில் வளரும் மரம் ஒன்று தேவைப்பட்டது. பிற்காலத்தில் காகிதக் கூழுக்காக அது சமவெளிக்கும் இறங்கிவந்தது. எங்கள் விழுப்புரம் ஜில்லாவின் செம்மண் மேடுகளிலும் இன்று தைல மரத் தோப்புகளைக் காணலாம்.

விருந்தாளியைக் குறை கூறுவது நம் வழக்கம் அன்று. ஆனால் குளிரும் தைல வாசனையும் இல்லாத மலைகள் தமிழ்நாட்டில் எத்தனையோ இருக்கின்றன. முள்ளும் பாறையுமாக, வெயிலில் காய்ந்து, நம் ஊர் எல்லையிலேயே அவை நிற்கின்றன. ஒரு பகற்பொழுதில் ஏறி இறங்கிவிடலாம். அவற்றில் தலைசிறந்த ஒன்றைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில், ஏறக்குறைய 28 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது செஞ்சி. ஊரைத் தாண்டி மேற்கே சிறிது தூரம் போனால், சாலையே கோட்டை மதிலைப் பிளந்துகொண்டு செல்வதைக் காணலாம். வலப்புறம் கிருஷ்ணகிரி, இடப்புறம் ராஜகிரி, சற்று விலகித் தென்கிழக்கே சந்திரகிரி. இந்த மூன்று குன்றுகளையும் ஒரே மதிலால் பிணைத்து முக்கோணமாக வளைத்திருக்கிறார்கள். மதிலின் மொத்த நீளம் சுமார் 13 கிலோமீட்டர். சில இடங்களில் அதன் அகலம் 60 அடி. அதற்கு வெளியே 80 அடி அகலமுள்ள அகழி. மூன்றில் உயர்ந்தது ராஜகிரி. அதன் உயரம் சுமார் 800 அடி.

எண்ணூறு அடிதானா என்று வாசகர்களில் சிலர் அலட்சியமாக நினைக்கக்கூடும். உதகமண்டலம் 7,000 அடிக்கு மேலே இருப்பது வாஸ்தவந்தான். ஆனால் அங்கே நாம் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே ஏறுகிறோம். ராஜகிரியின் எண்ணூறு அடியையும் நம் சொந்தக் கால்களால்தான் ஏற வேண்டும். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கும்போது, "எண்ணூறு அடிதானா?" என்ற கேள்வியை யாரும் திரும்பக் கேட்பதில்லை.

கல்லின் கதை

செஞ்சிக் குன்றுகளை முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு, யாரோ ஒரு ராட்சதக் குழந்தை கற்களை அடுக்கி விளையாடிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போனதுபோலத் தோன்றும். வீடு வீடாக உருண்டைப் பாறைகள். ஒன்றின் தலையில் ஒன்று. இப்போது விழும், இதோ விழும் என்பதுபோல நிற்கும். அவை விழுவதில்லை. ஏனென்றால் அவற்றை யாரும் கொண்டுவந்து அடுக்கவில்லை. அங்கேயே பிறந்து, அங்கேயே தேய்ந்தவை அவை.

இந்தக் கருங்கல், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் அடியாழத்தில் உருகிய குழம்பாக இருந்து, மெல்ல மெல்ல ஆறி இறுகியது. அதன்மேல் கிடந்த மண்ணும் பாறையும் யுகக்கணக்கில் கரைந்துபோயின. மேற்பாரம் நீங்கியபோது உள்ளிருந்த கல் சற்று விரிந்தது. விரிந்த கல்லில் நெடுக்கும் குறுக்குமாக வெடிப்புகள் விழுந்தன. அந்த வெடிப்புகளில் மழைநீர் இறங்கியது. சதுரக் கல்லின் மூலைகளைத் தண்ணீர் பல பக்கங்களிலிருந்தும் தாக்குமாதலால் மூலைகளே முதலில் மழுங்கின, சதுரம் உருண்டையாயிற்று. மேல் தோலோ வெங்காயச் சருகுபோல் ஏடு ஏடாக உரிந்தது. இவ்வளவு உறுதியான கல்லையும் வடிவம் செய்த சிற்பி தண்ணீர்தான் என்பதை முதலில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே சொல்லப்போகும் கதைக்கு அது வேண்டும்.

இன்னொரு குணமும் இந்தக் கல்லுக்கு உண்டு. அது தண்ணீரைக் குடிக்காது. மண்மலையில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி மறையும். கருங்கல் மலையில் பெய்த மழை வழிந்தோடும். பள்ளம் கண்ட இடத்தில் நிற்கும். அப்படி நிற்கும் நீருக்கு நம் முன்னோர் சுனை என்று பெயர் வைத்தார்கள். வழிந்தோடும் நீரை ஓட விட்டால் மலையில் குடியிருக்க முடியாது. நிறுத்தத் தெரிந்தவனுக்கோ மலையே ஓர் ஏரி.

ஏறும் வழி

கோட்டை வாயில் திறந்தவுடன் உள்ளே போய்விடுவது நல்லது. வெயில் ஏறிவிட்டால் பாறை கொதிக்க ஆரம்பித்துவிடும். அடிவாரத்து உள்கோட்டையில் பார்க்க வேண்டியவை நிறைய உண்டு. மாடி மேல் மாடியாக உயர்ந்து கூர்நுனியில் முடியும் கலியாண மஹால், குதிரை லாயம், நெற்களஞ்சியம், யானைக்குளம் இவற்றையெல்லாம் இறங்கி வந்த பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். காலையின் குளிர்ச்சியை மலைக்குச் செலவிடுங்கள்.

படிகள் கல்லால் ஆனவை. ஒன்றுபோல் ஒன்று இராது. ஒரு படி சாண் உயரம். அடுத்தது முழங்கால் உயரம். படைவீரன் ஓடி ஏறக்கூடாது என்பதற்காகவே இப்படி வைத்தார்கள் என்று சிலர் சொல்லுவார்கள். எனக்கென்னவோ, பாறை இடங்கொடுத்தபடி தச்சன் படி வைத்தான் என்றே படுகிறது. இரண்டு பக்கமும் முட்காடு. வெப்பாலை, சூரை, கள்ளி, வேம்பு என்று வறட்சிக்குப் பழகிய ஜாதிகள். தைல மரத்தைப்போல நேராக நெடிது வளராமல், குட்டையாகக் கோணல்மாணலாக வளர்ந்து, இலையைச் சிறிதாக்கி, முள்ளைப் பெரிதாக்கி, கிடைத்த ஈரத்தைக் கஞ்சனைப்போலக் காத்துக்கொண்டு நிற்கின்றன. மழைக்குப் பின் ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் இதே காடு பச்சைப் போர்வை போர்த்திருக்கும். சித்திரை, வைகாசியில் வருவது வீண் துன்பம்.

குரங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை இந்தக் கோட்டையின் இன்றைய காவல்படை. கையில் தின்பண்டம் தெரிந்தால் சுங்கம் வசூலிக்காமல் விடா. பையை மூடி வைப்பதே உத்தமம்.

வாயிலுக்கு மேல் வாயில் என்று கடந்து ஏறினால், பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் வரும். அரசர்களுக்கு முன்பே இந்த மலைக்கு உடையவள் அவள் என்பது ஊரார் நம்பிக்கை. மலைக்கே கமலகிரி என்று ஒரு பழம்பெயர் உண்டு. அங்கே சற்று உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு மேலே ஏற வேண்டும். உச்சியை நெருங்கும்போது மலை திடீரென்று இரண்டாகப் பிளந்திருக்கும். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழமுள்ள பிளவு. அதன்மேல் ஒரு பாலம். பழைய நாளில் மரப்பாலத்தை எடுத்துவிட்டால், அப்பால் நிற்கும் பத்துப் பேர் ஒரு சேனையையே தடுத்துவிடலாம். பாலத்தைக் கடந்தால் உச்சி. ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், கஜானா, ஒரு பெரிய பீரங்கி. சுற்றிலும் பார்த்தால் மூன்று குன்றுகளும், அவற்றைத் தழுவி ஓடும் மதிலும், அதற்கப்பால் வயல்களும் ஏரிகளும் படம் எழுதினாற்போலத் தெரியும். காற்று, தொப்பியைப் பறித்துக்கொண்டு போகும்.

ஒரு மாணவனின் கேள்வி

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நான் பல முறை இந்த மலை ஏறியிருக்கிறேன். ஒரு முறை, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், கொண்டுவந்த தண்ணீர் முழுவதையும் அம்மன் கோயிலுக்கு வருமுன்பே குடித்துத் தீர்த்துவிட்டான். உச்சியில் நின்றுகொண்டு நான் முற்றுகைகளையும் சேனாதிபதிகளையும் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். அவன் மெதுவாகக் கையைத் தூக்கி, "ஸார், இங்கே இருந்தவங்க தண்ணிக்கு என்ன பண்ணாங்க?" என்று கேட்டான்.

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் செஞ்சிக் கோட்டையைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்விகளில் அதைவிடச் சிறந்தது வேறொன்று இல்லை. வறண்ட நாக்கு கேட்ட கேள்வி அது. அதனால்தான் அவ்வளவு சரியாக இருந்தது. வகுப்பறையில் உட்கார்ந்து மதிலின் நீளத்தைப் படித்தவனுக்கு அந்தக் கேள்வி தோன்றியிராது.

அதற்குப் பதில் அந்த மலையிலேயே எழுதியிருக்கிறது. குன்றின் மேற்பகுதியில் நல்ல நீர் ஊற்றுகள் உண்டு. அவற்றுக்குக் கீழே, பாறையில் வழியும் மழைநீரை மறித்துத் தேக்கிய நீர்த்தேக்கங்கள் உண்டு. அடிவாரத்தில் செட்டிகுளம், சக்கரகுளம் என்று இரண்டு குளங்கள். உள்கோட்டையில் யானைக்குளம். கலியாண மஹாலுக்குத் தொலைவிலிருந்து சுட்ட மண் குழாய்களின் வழியே தண்ணீர் கொண்டுவந்தார்கள். மலை உச்சியிலிருந்து அகழி வரையில், வானத்திலிருந்து விழுந்த ஒரு துளி கோட்டையை விட்டு எளிதில் வெளியேறாதபடி படிப்படியாகத் தடுத்து வைத்திருக்கிறார்கள். பகைவன் உள்ளே வராமலிருக்க மதில். தண்ணீர் வெளியே போகாமலிருக்கக் கரை. இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால், மதில் இடிந்தாலும் இரவோடிரவாக அடைத்துவிடலாம்; குளம் வற்றினால் அடைக்க ஒன்றும் இல்லை என்பேன்.

களஞ்சியங்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். உச்சியில் இருக்கும் களஞ்சியத்துக்கு நெல் தானாக நடந்து போகவில்லை. நாம் வெறுங்கையோடு மூச்சுத் திணறி ஏறுகிற அதே படிகளில், யாரோ ஒருவன் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினான். அந்தக் கூரைக்கு வேண்டிய செங்கல்லும் சுண்ணாம்பும் யாரோ ஒருத்தியின் கூடையில்தான் போயின. அவர்கள் பெயரை எந்தச் சரித்திரப் புஸ்தகமும் சொல்லுவதில்லை. கால் வலிக்கும்போது அவர்களை நினைத்துக்கொண்டால் வலி சற்றுக் குறையும். குறையாவிட்டாலும், குறைகூறும் எண்ணமாவது குறையும்.

எட்டு ஆண்டும் ஓர் இரவும்

செஞ்சியின் சரித்திரத்தை முழுவதும் சொல்லப் புகுந்தால் இந்தப் பத்திரிகையின் எல்லாப் பக்கங்களும் போதா. கோன் வமிசத்தார் முதலில் மலையில் அரண் அமைத்தார்கள் என்பது மரபு. விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் அதைப் பெரிய நகரமாக்கினார்கள். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிஜப்பூர் சுல்தானின் படை பிடித்துக்கொண்டது. 1677-இல் சத்ரபதி சிவாஜி கைப்பற்றி, மதில்களைப் புதுப்பித்து உறுதிப்படுத்தினார். அவர் செய்த அந்தக் காரியத்தின் பலனை அவருடைய மகன் அனுபவித்தான்.

1689-இல் மராட்டிய ராஜ்யம் ஔரங்கசீப்பின் கையில் நொறுங்கிக்கொண்டிருந்தபோது, சிவாஜியின் இளைய குமாரன் ராஜாராம் மாறுவேஷத்தில் தப்பித் தெற்கே வந்து செஞ்சியில் தஞ்சம் புகுந்தான். அடுத்த ஆண்டே துல்பிகார் கான் பெருஞ்சேனையோடு வந்து முற்றுகையிட்டான். அந்த முற்றுகை 1698-இன் தொடக்கம் வரையில், விட்டும் தொட்டும், ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் நடந்தது. டில்லி சக்கரவர்த்தியின் கஜானாவும் பீரங்கியும் குதிரைப்படையும் ஒரு பக்கம். மூன்று குன்றுகள் மறுபக்கம். ஒரு கட்டத்தில், சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற மராட்டியத் தளபதிகள் வெளியிலிருந்து வந்து வளைத்துக்கொள்ள, முற்றுகையிட வந்தவனே முற்றுகைக்கு உள்ளானான். தானியம் கிடைக்காமல் அவன் சேனை தவித்தது. 1693-இல் துல்பிகார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. கோட்டைக்கு உள்ளே நீரும் நெல்லும் இருந்தன. வெளியே பாசறையில் இல்லை. இதைவிடத் தெளிவாகச் செஞ்சியின் பலத்தை விளக்க முடியாது. கடைசியில் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டான்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் உண்டு. 1750 செப்டம்பரில், திருவதிகைப் பக்கத்தில் பிரெஞ்சுக்காரரிடம் தோற்ற முகம்மது அலியின் சேனை, சிதறி ஓடிவந்து இந்தக் கோட்டைக்குள் புகுந்துகொண்டது. புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி பின்தொடர்ந்து வந்தான். வெளிவாயிலை வெடிவைத்துப் பிளந்து, அன்றிரவே குன்றுகளின் மேல் ஏறி, பொழுது விடிவதற்குள் மூன்றையும் பிடித்துவிட்டான். எட்டு ஆண்டு நின்ற அதே மதில், அதே அகழி, அதே செங்குத்துப் பாறை. ஓர் இரவு நிற்கவில்லை! கல் மாறவில்லை; உள்ளே இருந்தவர்களின் நெஞ்சு மாறியிருந்தது. தோற்ற மனத்தோடு புகுந்தவனுக்கு எந்தக் கோட்டையும் கோட்டையாகாது. ஒற்றுமையின்றி ஆளுக்கொரு பக்கம் நின்ற நம் தேசத்தின் 18-ஆம் நூற்றாண்டுக் கதை முழுவதும் அந்த ஓர் இரவில் அடங்கியிருக்கிறது என்று சொல்லலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் பதினோர் ஆண்டு அங்கே இருந்தார்கள். இங்கேதான் தண்ணீர் வேறொரு முகத்தைக் காட்டியது. ஒரு சமயத்தில் நூறு ஐரோப்பியரே காவலிருந்த அந்தக் கோட்டையில், பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நோயால் மாண்டார்கள் என்று ஓர்ம் என்ற ஆங்கிலச் சரித்திராசிரியர் எழுதியிருக்கிறார். செஞ்சியின் நீரும் காற்றும் பொல்லாதவை என்று அக்காலத்தவர் பழித்தார்கள். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் சிகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897-இல்தான். இன்று நமக்குத் தெரியும்: பார்ப்பாரற்றுத் தேங்கிக் கிடக்கும் நீர் கொசுவின் தொட்டில். காப்பவன் இருந்தால் குளம் அமிர்தம். காப்பவன் போய்விட்டால் அதே குளம் யமன். 1761 ஏப்ரலில் செஞ்சி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அதன் பிறகு கோட்டைக்குப் பழைய மதிப்பு வரவே இல்லை.

செட்டிகுளத்தின் கரையில்

செஞ்சி என்றால் தமிழர்களுக்கு முதலில் நினைவு வருகிறவன் தேசிங்கு ராஜன். அவனைச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். புந்தேல வீரன் ஸ்வரூப் சிங்கின் மகன் தேஜ் சிங். தமிழ் நாவில் தேசிங்கு ஆனான். ஆர்க்காட்டு நவாப் ஸாதத்துல்லா கானுக்குப் பணிய மறுத்து, 1714 அக்டோபரில், சில நூறு குதிரை வீரர்களோடு ஒரு பெருஞ்சேனையை எதிர்த்து மாண்டான். அப்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு என்பார்கள். அவனோடு தோள் சேர்ந்து உயிர் விட்ட தோழன் ஒரு முஸ்லிம். மதத்தைக் கடந்த அந்த நட்பைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் தலைமுறை தலைமுறையாகக் கதைப்பாட்டாகப் பாடிவந்தன. பட்டத்தரசி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகவே நவாப் ராணிப்பேட்டையை அமைத்தான் என்பது வழக்கு.

தேசிங்கின் உடல் எரிக்கப்பட்டதாகச் சொல்லும் இடம் செட்டிகுளத்தின் கரையில் இருக்கிறது. அங்கே வருகிறவர்கள் மேடையைப் பார்க்கிறார்கள், உருக்கமாகச் சில வார்த்தைகள் சொல்லுகிறார்கள், பிறகு திரும்பிவிடுகிறார்கள். அவர்களுடைய கண் ஒரு கணமாவது குளத்தின் பக்கம் திரும்ப வேண்டும் என்பது என் ஆசை. வீரத்தைப் பாட நமக்குத் தெரிகிறது. ஒரு நாள் போர்க்களத்தில் மாண்டவனுக்கு ஒரு காவியம். பல நூறு ஆண்டுகள் ஒரு நகரத்துக்கே தண்ணீர் வார்த்த குளத்துக்கு ஒரு வரிப் பாட்டுக்கூட நாம் கட்டவில்லை. வெட்டியவனுக்கும் இல்லை, தூர் எடுத்தவனுக்கும் இல்லை.

உலகம் கொடுத்த பட்டம்

2025 ஜூலையில் யுனெஸ்கோ சபை, மராட்டியரின் ராணுவ அரண்கள் என்ற தொகுப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. பதினொன்று மஹாராஷ்டிரத்தில் இருப்பவை. பன்னிரண்டாவது நம் செஞ்சி. கோன்களும் நாயக்கர்களும் வளர்த்த கோட்டைக்கு மராட்டியர் பெயரிலா பட்டம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அந்த மனக்குறையை நான் புரிந்துகொள்ளுகிறேன். ஆனால் ராஜகிரியில் ஏறிப் பார்த்தவனுக்கு அது பெரிதாகத் தோன்றாது. நாயக்கர் கட்டிய வெங்கடரமணர் கோயிலும், ஸாதத்துல்லா கான் பெயரில் எழுந்த மசூதியும் அடிவாரத்தில் அருகருகே நிற்கின்றன. பிஜப்பூரார் வலுப்படுத்திய மதிலை மராட்டியர் புதுப்பித்தார்கள். அதை மொகலாயர் காவல் காத்தார்கள். ஆண்டவர்கள் ஒன்பது பேர் என்றால், ஒன்பது பேரும் குடித்தது ஒரே ஊற்று நீர். இந்தக் கோட்டை யாருடையது என்று கேட்டால், அதைக் காப்பாற்றுகிறவனுடையது என்பதே நேர்மையான பதில்.

அந்தக் கேள்விக்கு இன்று பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். பட்டம் வந்த பின் கூட்டமும் வருகிறது. வருகிறவர்கள் தண்ணீர்ப் புட்டிகளைக் கொண்டுவருகிறார்கள். குடித்துவிட்டுச் சுனையிலும் குளத்திலும் எறிந்துவிட்டுப் போகிறார்கள். எட்டு ஆண்டு முற்றுகையில் உயிர் காத்த நீரின் மேல், கடையில் வாங்கிய நீரின் வெறும் புட்டி மிதக்கிறது! இதைவிடக் கொடிய பரிகாசம் வேண்டுமா? களஞ்சியத்துச் சுவர்களில் காதலர்களின் பெயர்கள். மொகலாயப் பீரங்கியால் செய்ய முடியாததை ஓர் ஆணியும் ஒரு விடுமுறை நாளும் செய்துவிடுகின்றன. காவலர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. பதின்மூன்று கிலோமீட்டர் மதிலுக்கு எத்தனை காவலர்களை நிறுத்துவது? ஏறுகிறவன் ஒவ்வொருவனும் காவலனாக வேண்டும்.

இது கோட்டையோடு நிற்கும் விஷயம் அன்று. செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறக்கும் சங்கராபரணி ஆறு, வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் பெயர் பெற்று, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. வருஷத்தில் பல மாதங்கள் அதன் மணலைத்தான் பார்க்கலாம். எங்கள் ஜில்லாவின் வேளாண்மை ஏரிகளையும் கிணறுகளையும் நம்பி இருக்கிறது. இரண்டு மாத மழையைப் பன்னிரண்டு மாதம் வைத்துப் பிழைக்கும் வித்தையை, ஒரு மொட்டைப் பாறையின் மேல் செய்து காட்டியிருக்கிறார்கள் நம் முன்னோர். அந்தப் பாடத்தைப் படிக்காமல் பட்டத்தை மட்டும் சுவரில் மாட்டிக்கொள்வதில் என்ன பெருமை இருக்கிறது?

ஆகையால், குழந்தைகள் உள்ள வீட்டாருக்கு என் வேண்டுகோள் இது. கார்த்திகையிலிருந்து மாசிக்குள் ஒரு நாள் செஞ்சிக்குப் போங்கள். கதவு திறக்கும் நேரத்தில் உள்ளே நுழையுங்கள்; பிற்பகலுக்கு மேல் மேலே ஏற விடுவதில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தலைக்குத் துணி, காலுக்கு வழுக்காத செருப்பு, மூடிய பையில் கட்டுச்சாதம், இவை போதும். வயதானவர்கள் அம்மன் கோயில் வரையில் ஏறி இளைப்பாறலாம். ஏற ஒன்றரை மணி, இறங்க ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். குளங்களில் இறங்க வேண்டாம். பாசிக் கல் யாரையும் மன்னிக்காது. கொண்டுபோன புட்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வழியில் கிடக்கும் வேறொருவருடைய புட்டி ஒன்றையும் சேர்த்துக் கொண்டுவந்தால் உங்கள் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

உச்சியில் நிற்கும்போது ராஜாக்களின் பெயர்களை அவனிடம் சொல்லுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பெயர்களைச் சொல்லி முடித்த பிறகு, எந்தப் பாறையில் விழுந்த மழை எந்தப் பள்ளத்தில் இறங்கி எந்தக் குளத்தில் போய்ச் சேரும் என்று அவனையே விரலால் காட்டச் சொல்லுங்கள். காட்டிவிட்டானானால், செஞ்சிக் கோட்டையை அவன் பார்த்துவிட்டான் என்று அர்த்தம்.